கறள் தின்ற தளமும் கதவடிச் சட்டமும்

புத்தூர்ச் சந்தியிலிருந்து வெளிக்கிடும் பிக்கப் எந்தத் திசைக்குப் போனாலும் கறளுக்குத் தீனியோடுதான் திரும்பி வரும். தென்கிழக்கே மீசாலை வீதி கடனீரேரியைக் கடந்து போகிறது. வடக்கே பருத்தித்துறை வீதியில் ஆவரங்காலைத் தாண்டினால் வல்லை வெளி. மாரியில் வீதியின் இரு மருங்கும் உவர்நீர்; கோடையில் உப்புப் பூத்த தரை. சோளகம் அடிக்கும் மாதங்களில் அந்த உப்பும் புழுதியும் வண்டியின் அடியில் வந்து அப்பிக்கொள்ளும். மேற்கே நிலாவரைப் பக்கம் செம்பாட்டுத் தோட்டங்கள். செம்மண் தானாக இரும்பைத் தின்னாது, ஆனால் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரத்தில் பின்தட்டில் ஏற்றிய எருவும் உரமும் கரைந்து சேர்ந்தால் வேலை தொடங்கிவிடும். உரங்களில் மிகவும் கெட்டது எம்ஓபி என்று விற்கும் பொட்டாசியம் உரம். அது ஒரு குளோரைட்டு. இரும்பைப் பொறுத்தவரை கடலுப்புக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

இந்த அத்தியாயம் பழைய பிக்கப்பின் கபின் தளத்தையும், கதவுக்குக் கீழே முன்தூணிலிருந்து பின்தூண்வரை ஓடும் பெட்டிச்சட்டத்தையும் மாற்றுவது பற்றியது. அந்தச் சட்டத்தைக் கதவடிச் சட்டம் என்றே இங்கு எழுதுகிறேன். உதாரணமாக மொறிஸ் மைனர் பிக்கப்பை எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அறியப்பட்ட வண்டி அது. ஒரு மனிதரும் ஓரளவு கருவிகளும் இருந்தால் ஒரு முற்றத்திலேயே திருத்தி முடிக்கக்கூடியதும் அதுதான்.

வண்டியின் எலும்பை முதலில் அறிதல்

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் காராக வந்தது. வானும் பிக்கப்பும் 1953இல் சேர்ந்தன. அவற்றுக்கு முதலில் 803 சிசி இயந்திரம், 1956இல் 948, 1962இல் 1098. இயந்திரத்தைவிட இந்த அத்தியாயத்துக்கு முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. மைனர் காருக்குத் தனிச் செசி கிடையாது. உடலே பாரத்தைத் தாங்கும். பிக்கப்புக்கு அப்படியல்ல. முன்னிருந்து பின்வரை தனிச் செசி ஓடுகிறது, கபின் அதன்மேல் போல்ற்றுகளால் இருத்தப்பட்டிருக்கிறது. பின்தட்டில் ஏற்றும் வெங்காய மூடையின் பாரம் செசிக்குப் போகும். தளமும் கதவடிச் சட்டமும் கபினின் வடிவத்தையும் கதவுத் தூண்களின் நேரையும் காப்பவை.

ஒஸ்ரினின் அரைத்தொன் பிக்கப் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். ஏ55 கேம்பிரிஜ் காரிலிருந்து பிறந்த அந்த வண்டிக்குத் தனிச் செசி இல்லை. கதவடிச் சட்டமே அதன் முள்ளந்தண்டு. மைனரில் கவனக்குறைவாக வெட்டினால் கதவு பூட்டாமல் போகும். அரைத்தொன்னில் அப்படி வெட்டினால் வண்டியே நடுவில் தொய்ந்துவிடும். ஏ40 டெவொனுக்கும் சோமசெற்றுக்கும் தனிச் செசி உண்டு. அவற்றை மைனர் பிக்கப்பைப் போலவே நடத்தலாம்.

இத்தகைய வண்டிகள் யாழ்ப்பாணத்தில் இவ்வளவு காலம் ஓடியதற்கு ஆசை மட்டும் காரணமல்ல. 1990இல் பொருளாதாரத் தடை இறுகிய பிறகு பெற்றோலும் உதிரிப்பாகமும் வரவில்லை. ஏ40களும் கேம்பிரிஜ்களும் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, கொண்டுபோக முடியாத வண்டிகள் மாரி மழைக்குள் மரங்களுக்குக் கீழே கிடந்தன. அந்தக் காலத் திருத்தங்கள் இன்றைக்கும் அவற்றின் அடியில் இருக்கின்றன: பீப்பாய்த் தகரத்தில் வெட்டிய ஒட்டுகள், பித்தளை உருக்கிப் பிடித்த விளிம்புகள், அவற்றின்மேல் தார். அன்று அது கெட்டித்தனம். அதனால்தான் வண்டி மிஞ்சியது. இன்று நாம் செய்யும் வேலைக்கு முதல் இடைஞ்சலும் அதுதான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஐந்தாண்டுகள் அப்படியே கிடந்ததில், கைவிடப்பட்ட பல வண்டிகளை வெளியே இழுத்துத் திருத்தும் எண்ணம் மீண்டும் வந்திருக்கிறது. நல்ல எண்ணம். சரியான ஒழுங்கில் செய்தால் வண்டி இன்னொரு தலைமுறைக்குக் கிடைக்கும்.

தட்டிப் பார்த்தல்

இருக்கைகளையும் கால்விரிப்பையும் முழுதாக வெளியே எடுங்கள். மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மதிப்புச் சொல்வது ஏமாற்று. சாரதியின் குதிக்கால் படும் இடத்தில் பெரும்பாலும் பல அடுக்குகள் கிடைக்கும். மேலே றப்பர், அதன்கீழ் ஊறிக் கறுத்த தும்பு, அதன்கீழ் தார், தாருக்குள் ஒரு தகர ஒட்டு. ஒட்டின் விளிம்பில் உளியைக் கொடுத்து நெம்பினால் மஞ்சள் நிறத்தில் பித்தளை மினுங்கும். ஒட்டுக்கும் பழைய தளத்துக்கும் இடையில் கறள் ஏடுகளாகப் பிரிந்து விரலில் தூளாகும். மேலே போட்ட ஒட்டு கறளை நிறுத்தவில்லை, அதற்குக் கூரை போட்டிருக்கிறது என்பதை அங்கே கண்ணால் காணலாம்.

பிறகு சிறிய சுத்தியலால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். கறள் பிடித்தது அடைத்த குரலில் பதில் தரும். சந்தேகமான இடத்தில் கூரான ஊசிக்கம்பியை அழுத்துங்கள். ஓட்டை விழும் என்று பயந்து மெல்லக் குத்துவதில் பயனில்லை. விழ வேண்டிய ஓட்டை இன்றைக்கே விழட்டும். கதவடிச் சட்டத்தின் மேல் காந்தத்தை வைத்து இழுத்துச் செல்லுங்கள். பிடிமானம் விடும் இடத்தில் பட்டிதான் இருக்கிறது, இரும்பு இல்லை. இரவில் ஒருவர் அடியில் விளக்கைப் பிடிக்க, மற்றவர் கபினுக்குள் இருந்து வெளிச்சம் வரும் புள்ளிகளைச் சோக்கால் வட்டமிட்டால் படம் முழுமையாகும்.

அதன்பின் செசி. தளத்தைப் பற்றி யோசிக்கும் முன் செசியின் இரண்டு நீளச்சட்டங்களையும், தளத்தின் அடியில் குறுக்கே போகும் சட்டத்தையும் இதேபோல் சோதிக்க வேண்டும். மைனரின் முன் சஸ்பென்சனில் சுருள்வில் இல்லை. செசிக்கு அருகே நீளமாக ஓடும் முறுக்குத் தண்டுகளே வில்லின் வேலையைச் செய்கின்றன, அவற்றின் பின்நுனி அந்தக் குறுக்குச் சட்டத்தில் பிடிபட்டிருக்கிறது. அந்தச் சட்டம் இற்றிருந்தால் தளத்துக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண். முறுக்கைத் தளர்த்தாமல் அந்தச் சட்டத்தை வெட்டுவது உயிருக்கே ஆபத்து. அந்த வேலை இந்த அத்தியாயத்துக்கு வெளியே. அனுபவம் உள்ளவரிடம் விடுங்கள்.

வெட்டுவதற்கு முன்

பற்றரியைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கியை வண்டியிலிருந்து இறக்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். வெறும் தாங்கி நிறைந்த தாங்கியைவிட அபாயமானது, உள்ளே நிற்பது ஆவி. மைனரின் பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே செசிச் சட்டத்தில் இருக்கிறது, அதற்கு எண்ணெய் ஊற்றும் வழி தளத்தில் உள்ள மூடி. தளத்தைச் சுடுவதென்றால் சிலிண்டரையும் குழாய்களையும் கழற்றித்தான் ஆக வேண்டும். பழைய தார்ப்பூச்சு தீப்பற்றும். ஒட்டும் கோட்டின் இரு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டி எடுங்கள். முறுக்குத் தண்டுகளை ஈரச்சாக்கால் மூடுங்கள். அவற்றில் ஒரு வெல்டிங் பொறி விழுந்து பதிந்தாலும், பின்னர் ஒரு நாள் அந்த இடத்திலேயே தண்டு முறியலாம்.

வண்டியைச் செசியில் தாங்குங்கள், கபினில் அல்ல. நான்கு தாங்கிகளையும் நீர்மட்டம் வைத்துச் சரிபாருங்கள். செம்பாட்டு நிலத்தில் ஜாக்கி அமிழும், அடியில் தடித்த பலகை வேண்டும். பின்னர், கதவுகளைக் கழற்றாமல், கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை மேலே, கீழே, இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். இந்த நான்கு எண்களே வேலை முடியும்வரை உங்கள் நீதிபதி. பிணைச்சல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்குக் கதவின் உட்பக்கமாக ஒரு கோண இரும்பைப் பிடித்துவிடுங்கள். கதவு திறந்து மூடத் தடையில்லாதபடி அது இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மூடிப் பார்க்கப் போகிறீர்கள்.

ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் வேகமாக முடியும் என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

வெட்டும் ஒழுங்கு

கதவடிச் சட்டம் ஒரே தகடு அல்ல. வெளியே தெரியும் தகடு, நடுவில் விறைப்புக்கான தகடு, தளத்தோடு சேரும் உள்தகடு என்று அடுக்குகள். பழுது நடுவில் தொடங்கும். கதவுக்குள் இறங்கும் மழைநீரும், முன்கண்ணாடி றப்பரால் கசியும் நீரும், சில்லு வீசும் சேறும் அங்கே தங்குகின்றன. ஆகவே முதலில் வெளித்தகட்டை எடுத்து உள்ளே பாருங்கள். தொழிற்சாலைப் புள்ளி ஒட்டுகளைக் கம்பித்தூரிகையால் துலக்கினால் வட்ட வட்டமாகத் தெரியும். 8 மில்லிமீற்றர் டிறிலால் மேல்தகட்டை மட்டும் துளைத்து, மெல்லிய உளியால் பிரியுங்கள். கிறைண்டரால் ஒரே இழுப்பில் வெட்டி எறிவது சுகம்தான், ஆனால் அடியில் உள்ள நல்ல விளிம்பும் போய்விடும். புதிய தகடு உட்கார அந்த விளிம்பு தேவை.

கழற்றிய தகடு எவ்வளவு இற்றிருந்தாலும் எறியாதீர்கள். புதியதன் அளவும் மடிப்பும் அதில்தான் இருக்கின்றன.

தளத்தில் வெட்டுக்கோடு கறள் முடியும் இடத்தில் அல்ல, அதைத் தாண்டி ஒரு அங்குலம் நல்ல இரும்புக்குள் விழ வேண்டும். தேய்த்தால் வெள்ளிபோல் மினுங்கும் தகடுதான் நல்ல இரும்பு. கறுப்புப் புள்ளிகள் மிஞ்சினால் இன்னும் தள்ளிப் போங்கள். பித்தளை பட்ட இடம் முழுவதும் வெட்டப்பட வேண்டும். பித்தளையின்மேல் மின்வெல்டிங்கோ மிக் வெல்டிங்கோ பிடிக்காது, ஒட்டு துளைதுளையாகி வெடிக்கும். தேய்த்துவிட்டு ஒட்டலாம் என்று முயல்வது நேர விரயம், ஏனென்றால் அது இரும்பின் மேற்பரப்புக்குள் ஊறியிருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் வழக்கமான வாக்கு வரும்: “அண்ணை, இவ்வளவு வெட்டத் தேவையில்லை. மேலாலை ஒரு தகட்டைப் போட்டு இழுத்துவிடுவம், பெயின்ற் அடிச்சால் ஒருத்தருக்கும் தெரியாது.” சொல்பவர் கெட்டவர் அல்ல, உங்கள் செலவைக் குறைக்க நினைக்கிறார். ஆனாலும் “வேண்டாம் தம்பி, மினுங்கும்வரை வெட்டுங்கோ” என்று உறுதியாகச் சொல்லுங்கள். கறளுக்கு மேல் போட்ட தகடு அடுத்த சில மாரிகளுக்குள் ஒட்டின் ஓரமாகவே கிழியும், அப்போது பிடிக்க நல்ல விளிம்பும் இருக்காது.

தகடு

மைனருக்கு வேண்டிய உடற்பாகங்கள் ஒரு காலத்தில் இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் திருத்தகம் நடத்திய சார்லஸ் வெயரும் இலங்கைத் தொழிலதிபர் தனபால சமரசேகரவும் சேர்ந்து 1990களில் இங்கே அதற்கென ஒரு தொழிற்சாலை நடத்தினார்கள். நம்மவர் கையால் அடித்த தகடுகள் இங்கிலாந்து மைனர்களுக்குப் போயின. இங்கிலாந்தில் இன்றும் புதிய பாகங்கள் விற்கிறார்கள். கப்பல் கூலியும் தீர்வையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். என் கருத்து, வளைவுகள் உள்ள வெளித்தகட்டை வேண்டுமானால் வருவிக்கலாம். தளம், விறைப்புத் தகடு, உள்தகடு மூன்றையும் இங்கேயே மடித்துவிடலாம்.

தளத்துக்கு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீற்றர் குளிர் உருட்டுத் தகடு. கூரைத் தகடு வேண்டாம். மெலிவு என்பது ஒரு காரணம். அதன் நாகப்பூச்சு வெல்டிங்கில் ஆவியாகி மூச்சில் ஏறிக் காய்ச்சலைக் கொடுக்கும் என்பது மற்றது. பீப்பாய்த் தகரத்தின் காலம் முடிந்தது. தடிப்பான தகடு பலம் கூட்டும் என்று 2 மில்லிமீற்றர் போடுவாரும் உண்டு. அது 1 மில்லிமீற்றர் பழைய விளிம்போடு ஒட்டாது. தடித்தது உருகும் முன் மெலிந்தது கரைந்து போகும்.

முதலில் காட்போட் மட்டையில் அச்சு வெட்டி இருத்திப் பாருங்கள். சரியான பிறகே தகட்டில் கீறுங்கள். பழைய தளத்தில் உள்ள நீளப் பள்ளங்கள் அழகுக்கு அல்ல, அவை இல்லாத தளம் காலடியில் டப்டப்பென்று அடிக்கும். அவற்றைப் பதிக்க இயந்திரம் இல்லாவிட்டால் வைரம் பாய்ந்த பனைமரத் துண்டொன்றில் தவாளித்துத் தகட்டை அதன்மேல் இறுக்கி, மழுங்கிய உளியால் நுனியிலிருந்து நுனிக்கு மெல்ல மெல்லப் பலமுறை தட்டிக்கொண்டு போங்கள். ஒரே தடவையில் ஆழம் தேடினால் தகடு கிழியும். பனை அந்த அடிக்குத் தாங்கும். விளிம்பு மடிக்க இரண்டு கோண இரும்புகளும் நான்கு கிளாம்பும் போதும்.

ஒட்டு

மிக் வெல்டிங் இருந்தால் அதுவே நல்லது: 0.6 அல்லது 0.8 மில்லிமீற்றர் கம்பி. காஸ் வெல்டிங்கிலும் உயர்ந்த வேலை செய்யலாம், செய்பவரின் கையைப் பொறுத்தது. வெப்பம் பரந்து தகடு நெளியும் என்பதால் சூடாக இருக்கும்போதே அடியில் கட்டை கொடுத்துத் தட்டி நேராக்க வேண்டும். குச்சி வெல்டிங் இந்தத் தடிப்புக்குப் பொருந்தாது. செசிக்கு அதை வைத்திருங்கள்.

புதிய தகட்டைக் கிளாம்பில் இறுக்கி, சாணுக்கு ஒரு புள்ளி ஒட்டிவிட்டுக் கதவை மூடிப் பாருங்கள். எழுதி வைத்த நான்கு எண்களும் வருகின்றனவா? வராவிட்டால் புள்ளிகளை வெட்டிவிட்டு மறுபடி. இங்கே பொறுமை இழந்தவர்களின் வண்டிகளில் கதவைத் தூக்கித் தூக்கித்தான் பூட்ட வேண்டியிருக்கும்.

இடைவெளி சரியென்றால், ஒரு அங்குலம் ஒட்டி, எதிர்முனைக்குப் போய் ஒரு அங்குலம், பிறகு நடுவில் என்று மாறி மாறிப் போங்கள். தொட்டால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே பக்கத்து அங்குலம். தகடு தகட்டின்மேல் ஏறும் இடங்களில், மேல்தகட்டில் 6 முதல் 8 மில்லிமீற்றர் துளைகளை ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக இட்டு அவற்றை நிரப்புங்கள். தொழிற்சாலைப் புள்ளி ஒட்டுக்கு நிகரானது அதுதான். இரு முகங்களிலும் ஒட்டும் முன் நாகப் பிறைமர் பூசியிருக்க வேண்டும். தோட்டத்து இறைப்பு மோட்டர்கள் ஓடி வோல்ற்றேஜ் இறங்கும் நேரத்தில் ஒட்டாதீர்கள். பார்வைக்கு ஒட்டு வழுவழுப்பாக இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. ஒரு துண்டில் ஒட்டி, வைஸில் பிடித்து உரித்துப் பார்த்தால் தெரியும்: நல்ல ஒட்டு, தகட்டைக் கிழித்துக்கொண்டுதான் வரும்.

பக்கத்தில் ஒருவர் தண்ணீர் வாளியோடு அடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை முடிந்தும் ஒரு மணிநேரம் வண்டியைத் தனியே விடக்கூடாது.

ஒழுங்கு இப்படி: விறைப்புத் தகடும் உள்தகடும் முதலில், அவற்றோடு சேரத் தளம், கடைசியில்தான் வெளித்தகடு. கண்ணுக்குத் தெரிவது வெளித்தகடு என்பதால் அதை முதலில் பிடித்து உரிமையாளருக்குக் காட்டும் பழக்கம் உண்டு. அப்படிப் பூட்டிய பெட்டிக்குள் பிறகு யாரும் பூச்சுப் பூச முடியாது. செசி இலக்கம் அடித்த இடத்தையும் இலக்கத் தகட்டையும் கிறைண்டர் தொடவே கூடாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு அது பொருந்தாவிட்டால் திருத்திய வண்டி வீட்டு முற்றத்தில்தான் நிற்கும்.

மூடுவதும் பின்னர் பேணுவதும்

வெளித்தகட்டை மூடும் முன் உள்ளே பிறைமரும் பெயின்றும் முழுதாக உலரட்டும். றெட் ஒக்சைட் மட்டும் அடித்துவிட்டு மாரிக்குள் ஓடாதீர்கள், அது நீரை உறிஞ்சும். மேலே பெயின்ற் வேண்டும். பொருத்துகளில் எல்லாம் சீலர். மூடிய பிறகு, கீழ் விளிம்பில் விட்ட துளைகள் வழியே பெட்டிக்குள் மெழுகுப் பூச்சைப் பீய்ச்சுங்கள்.

பழைய இயந்திர ஒயிலை அடியில் விசிறும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கறளை அது ஓரளவு தடுக்கும், உண்மை. ஆனால் றப்பரைத் தின்னும், புழுதியைப் பிடிக்கும், சொட்டுவது நிலத்தில். நம் நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. சுன்னாகத்தில் கழிவு ஒயில் கிணறுகளில் கலந்து, வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய் 2019இல் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்ததை வலிகாமத்தில் யாரும் மறந்திருக்க முடியாது.

கழுவும் நீரையும் பாருங்கள். நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். இறைப்புக் கூடிய கோடையில் பல தோட்டக் கிணறுகளிலும் உவர் ஏறும். நாக்கில் கரிக்கும் நீரால் வண்டியின் அடியைக் கழுவுவது கழுவாமல் விடுவதைவிடக் கேடு. வல்லை வெளியாலோ மீசாலை வீதியாலோ ஈரத்தில் ஓடி வந்த நாளில் நல்ல நீரால் அடியைக் கழுவுங்கள், எரு ஏற்றிய நாளில் பின்தட்டையும்.

கதவடிச் சட்டத்தின் கீழ்த்துளைகளும் கதவுகளின் கீழ்த்துளைகளும் செம்மண்ணால் அடைபடும். புதிய தகட்டை முதலில் கொல்வது அந்த அடைப்புத்தான். ஆண்டுதோறும் புரட்டாதியில், வாடைமழை தொடங்கும் முன், ஒரு கம்பியால் ஒவ்வொரு துளையையும் குத்தித் திறந்து, ஒரு போத்தல் தண்ணீரைக் கதவுக்குள் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய தண்ணீர் முழுவதும் கீழே வர வேண்டும்.